6,850 ரூபாய் போச்சு: பைக் லைட் வேலைக்குக் கொடுப்பவர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடை பெயர் போடவில்லை. ராமநாதபுரம் ரோட்டில் இருக்கும் பைக் எலக்ட்ரிக்கல் கடை, அவ்வளவுதான்.

பாம்பனில் மீன் எடுத்து ராமநாதபுரத்தில் கொடுக்கிறேன். 2018 மாடல் வண்டி. பின்னாடி ஐஸ் பெட்டி. ஒரு வாரமாக ஹெட்லைட் மங்கல், பிரேக் பிடித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும், ஹாரன் தவளை மாதிரி கத்தும். போன மாதம் கடையில் விட்டேன்.

எனக்கு எங்கே நம்பிக்கை வந்தது தெரியுமா? பாம்பன் என்றதும் கடைக்காரர், "அப்படியா அண்ணே, நானும் தங்கச்சிமடம்தான்" என்றார். டீ வந்தது. யார் வலை, எந்தப் படகு என்று விசாரித்தார். சரி, நம்ம ஆள் என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வோல்ட் பார்க்கும் மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்றுகூட நான் கேட்கவில்லை.

சாயங்காலம் கணக்கு சொன்னார். பேட்டரி 2,100, ஆர்.ஆர். யூனிட் (பேட்டரிக்கு ஏறும் சார்ஜைச் சீராக்கும் ரெகுலேட்டர்) 1,650, வயரிங் செட் 2,300, கூலி 800. மொத்தம் 6,850. பில் கேட்டேன். "நமக்குள்ள என்ன அண்ணே பில்லு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், பைத்தியக்காரன்.

நாலாம் நாள் விடியற்காலை மூன்றரை மணி. பாலம் இறங்கி மண்டபம் தாண்டி உச்சிப்புளி பக்கம் வரும்போது லைட் ஒரேயடியாக அணைந்தது. எதிரே லாரி. எப்படி ஓரம் கட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. போன் வெளிச்சத்தில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. அந்த நஷ்டம் தனி, அதை 6,850-இல் சேர்க்கவில்லை.

கடைக்குப் போனால், "உப்புக் காத்து அண்ணே, நாங்க என்ன செய்ய முடியும்." மறுநாள், "பையன் லீவு." அதற்கு மறுநாள், "கம்பெனிக்கு அனுப்பணும், பத்து நாளாகும்." பழைய பேட்டரியைக் கொடுங்கள் என்றால் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். அது போன ஆடியில் போட்டது, வாரண்டி கார்டு வீட்டில் இருக்கிறது! புதுசு என்று மாட்டியதில் தேதி ஸ்டிக்கர் சுரண்டியிருக்கிறது. இப்போது போனையே எடுப்பதில்லை.

நேற்று மச்சான் வந்தான், போட் இன்ஜின் வயரிங் வேலை செய்பவன். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தான், 14 வோல்ட். சார்ஜ் நன்றாகத்தான் ஏறுகிறது. அப்புறம் லைட் எரியும்போதே, பேட்டரி மைனஸுக்கும் ஹெட்லைட் எர்த் வயருக்கும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வயர்) நடுவில் வைத்தான். கிட்டத்தட்ட 2 வோல்ட். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டுமாம், இல்லையென்றால் எர்த் சரியில்லை என்று அர்த்தமாம். ஹெட்லைட் டூமை (மூடியை) கழற்றினால் எர்த் வயர் சேரும் கப்ளர் முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் கம்பி பொடியாக உதிர்ந்தது. வெட்டி, வயர் நுனியில் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு, ஃபிரேம் போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வாசலின் தடவினான். லக் 30 ரூபாய். லைட் பளிச்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2,300 ரூபாய் "புது" வயரிங் செட்டில், இரண்டு வருஷத்துக்கு முன் நான் வலை நரம்பால் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. நீல நரம்பு, இரட்டை முடிச்சு. ஒட்டியிருந்த செதில்கூட விழவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இவ்வளவுதான்: ஒரு சுவிட்சைப் போட்டால் இன்னொரு லைட் மங்கினால், பேட்டரி மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள். மீட்டர் வைக்காமல் பார்ட்ஸ் பெயர் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கழற்றிய சாமானைக் கையில் வாங்குங்கள். பில் கட்டாயம். மீன் பெட்டி கட்டுபவர்கள், தண்ணீர் வடியும் குழாயை வயர் பக்கம் விடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்றுதான். போனில் அனுப்பிய 2,850-க்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது, மீதி 4,000 கையில் கொடுத்தது. நாளைக் காலையில் மச்சானையும் அந்த நீல முடிச்சையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன்.