வெள்ளைப் பசையோடு நான்கு ஆண்டுகள்

தேர்ச் சக்கரத்தை நேற்றிரவு சரிசெய்து முடித்துக் கையைக் கழுவுவதற்குள் பென்னாகரத்து நண்பர் போனில் கேட்டார்: "மரத்தில் மாதிரி செய்ய எந்தப் பசை வாங்கலாம்?" கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தைப்பூசத்தில் பெண்கள் வடம் பிடித்து இழுக்கும் தர்மபுரி குமாரசாமிப்பேட்டைத் தேரை ஒன்றரை அடி உயரத்தில் தேக்குத் துண்டுகளால் செய்துவருகிறேன். நான்கு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் வெள்ளைப் பசைதான். பிடிமானத்தில் குறை சொல்ல முடியாது. போன வாரம் தேர் அலமாரியிலிருந்து விழுந்ததில் ஆரக்கால் ஒன்று நடுவில் முறிந்தது. ஒட்டிய இடம் அசையக்கூட இல்லை. வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் அரைமணி நேரம் சுற்றிவைத்தேன். பசை இளகி, முறிந்த துண்டு மரத்தைக் காயப்படுத்தாமல் கழன்று வந்தது. அப்படி ஒரு நிம்மதி!

ஆனால் பிதுங்கி வழியும் பசை இருக்கிறதே, அதுதான் என்னை வாட்டுகிறது. உடனே ஈரத்துணியால் துடைக்கவும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். முதல் ஆண்டில் அதை நம்பி யாளியின் முகத்தைத் துடைத்தேன். தண்ணீர் பசையைக் கரைத்து மரத்தின் ரேகைக்குள் இறக்கிவிடுகிறது. காய்ந்த பிறகு கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. மரச்சாயம் பூசியதும் அந்த இடம் மட்டும் நிறம் ஏறாமல் தேமல் போல வெளுத்து நிற்கும். மூன்று வாரம் செதுக்கிய முகம் அது.

அதன்பின் நான் துடைப்பதில்லை. பிதுங்கியது முத்து முத்தாக நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். சித்திரையில் இருபது நிமிடம், மார்கழியில் முக்கால் மணி நேரம். முத்தின் ஓரம் கண்ணாடியாகத் தெளிந்து, நடுவில் மட்டும் வெண்மை மிச்சமிருக்கும். நகம் வைத்தால் ரப்பர் போல அமுங்கும். அந்த நேரத்தில் உளி முனையால் வருடினால் நூலாகச் சுருண்டு வந்துவிடும். உளி நுழையாத உள்மூலைக்கு இளநீர்க்கடை ஸ்ட்ராதான். முனையைச் சரிவாக வெட்டி, பசை ஈரமாக இருக்கும்போதே மூலையோடு அழுத்தித் தள்ளினால் குழாய்க்குள் ஏறிக்கொள்கிறது. சிறு சிற்பங்களுக்கு இன்னும் நல்ல வழி, ஒட்டவேண்டிய பரப்பை மட்டும் டேப்பால் மறைத்து, முதலிலேயே சாயமும் வார்னிஷும் பூசிவிடுவது. பிறகு வழிந்தாலும் மரத்துக்குள் இறங்காது.

இதற்குப் பயந்து சிறு ட்யூபில் வரும் உடனடிப் பசைக்கு மாறாதீர்கள். அதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைத்தால் சூடேறி விரலைச் சுட்டுவிடும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நேற்று பழுதுபார்த்த சக்கரத்தில் புதுத் தேமல். வெந்நீரில் இளகிய பழைய பசைதான் சுற்றிலும் பரவியிருக்கிறது. உப்புத்தாளால் வெறும் மரம் தெரியும்வரை தேய்த்தாக வேண்டும். மூட்டு இன்னும் இருபது ஆண்டு நிற்கும், சந்தேகமில்லை. ஆனாலும் இன்று நண்பருக்கு நான் சொன்ன பதில், "வாங்காதீர்கள்."