விமான தூரக் கணக்கு: ஹாவர்சைனா, வின்சென்டியா?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று நாலு இடத்தில் தேடினால் நாலு விடை வரும், நாலும் ஒரு கணக்கில் சரியாகத்தான் இருக்கும். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை போட்டுப் பார்ப்போம்.

அட்சரேகை, தீர்க்கரேகை வித்தியாசத்தை எடுத்து, டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கி பித்தாகரஸ் போட்டால் 8,200 கி.மீ.க்கு மேல் போகிறது, சுத்த அபத்தம். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதை இது கண்டுகொள்வதே இல்லை. மெர்கேட்டர் வரைபடத்தில் (சுவரில் மாட்டும் தட்டையான உலக வரைபடங்களில் ஒரு வகை) நேர்கோடு போட்டு அதன் வழியே அளந்தால் சுமார் 5,760 கி.மீ. பரவாயில்லை, ஆனாலும் விமானம் அந்தக் கோட்டில் போகாது.

அடுத்து ஹாவர்சைன் சூத்திரம். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டு பெருவட்டத்தின் மேல், அதாவது உருண்டையின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழியில், அளக்கிறது: 5,540 கி.மீ. கொசைன் சூத்திரமும் இதே விடையைத்தான் தரும், எக்செல்லில் ஒரே வரியில் முடிந்துவிடும், அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும். மிகக் குறுகிய தூரத்துக்கு அது தடுமாறும் என்பார்கள். விமான நிலையங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

வின்சென்டி முறை (1975) பூமியின் நடு பருத்திருப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. விடை சுமார் 5,555 கி.மீ., அதாவது 15 கி.மீ. கூடுதல். பூமியின் நேர் எதிர்ப்புறத்தை ஒட்டிய புள்ளிகளுக்கு இது விடை தராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013-இல் கார்னி வெளியிட்ட முறையில் அந்தச் சிக்கல் இல்லை. மில்லிமீட்டர் துல்லியம் என்று வின்சென்டியைக் கொண்டாடுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும், ஹீத்ரோவின் ஓடுபாதை ஒன்றே கிட்டத்தட்ட 4 கி.மீ. நீளம், நாம் எடுப்பதோ நிலையத்துக்கு ஒரே ஒரு புள்ளி!

சூத்திரத்தைவிட உள்ளீடுதான் ஆளைக் கவிழ்க்கும். ஜேஎஃப்கேயின் தீர்க்கரேகை −73.78. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் புள்ளி கிர்கிஸ்தானில் போய் விழுகிறது, ஆனால் விடை 5,600 கி.மீ. என்று பார்க்க ஒழுங்காகவே வரும், சந்தேகமே எழாது. டிகிரியை ரேடியனாக (கோணத்தின் இன்னொரு அலகு) மாற்ற மறந்தாலும் விடை தவறாகவே வரும். எக்செல்லில் கோணம் கண்டுபிடிக்கும் ஏடான்2 (ATAN2) தனி வம்பு: மற்ற மொழிகளில் ஒய் முன்னால், இதில் எக்ஸ் முன்னால். அப்புறம் மைல்: இதே தூரம் சாதாரண மைலில் 3,450, கடல் மைலில் 3,000.

சரி, விமானம் உண்மையில் பறக்கும் தூரம்? அது வேறு கதை. அட்லாண்டிக்கில் காற்றைப் பார்த்துத் தினமும் தடங்களை மாற்றுகிறார்கள். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி நேரம் போல ஆன பயணம் 13 மணி நேரமானது. எந்தச் சூத்திரத்துக்கும் இது தெரியாது. எரிபொருள், நேரம் கணிக்க வேண்டுமென்றால் பறந்த தடத்தையே எடுங்கள்.

மற்றபடி ஹாவர்சைன் தாராளமாகப் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தாமத இழப்பீடு மட்டும் விதிவிலக்கு: அங்கே 1,500, 3,500 கி.மீ. என்று தொகை மாறும் எல்லைகள் உண்டு, அளப்பதும் பெருவட்டத்தில்தான். நடுவில் விமானம் மாறினாலும், புறப்பட்ட இடத்திலிருந்து கடைசி இடம் வரை நேராகத்தான் அளக்க வேண்டும் என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வழித்தடம் 3,490 பக்கம் வந்தால் வின்சென்டியையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.