சாவியில்லாமல் கதவைத் திறக்க: அட்டையா, கீல் ஆணியா?

எது உதவும் என்பதைக் கதவு திறக்கும் திசையே சொல்லிவிடும். கதவு உங்களை விட்டு அப்பால் திறக்குமானால், பூட்டு நாக்கின் சரிவான முகம் உங்கள் பக்கம் இருக்கும். வளையக்கூடிய பழைய பிளாஸ்டிக் அட்டையை நாக்குக்குச் சற்று மேலே இடுக்கில் நுழைத்துக் கீழே இறக்கி, சரிவின்மேல் அழுத்தியபடி கதவை லேசாக ஆட்டுங்கள். ஸ்பிரிங் நாக்குக்கு மட்டுமே இது பலிக்கும். சாவியைத் திருப்பினால் நீளும் சதுர நாக்கு அசையாது. நாக்கை ஒட்டிச் சிறு துணைமுளை இருந்தாலும் அட்டையை விட்டுவிடுங்கள்; கதவு சாத்தியதும் அந்த முளை அமுங்கி நாக்கைப் பூட்டிவிடும்.

உங்கள் பக்கம் திறக்கும் கதவில் கீல்கள் வெளியே தெரியும்; அவற்றின் நடுவில் செருகியிருக்கும் ஆணிகளைக் கழற்றிக் கதவை எடுத்துவிடலாம். பூட்டின் உட்பகுதியே சிக்கியிருந்தால் இந்த வழிதான் நம்பகமானது. ஆணியின் அடியில் தடித்த இரும்பாணியை வைத்து, சுத்தியலால் மேல்நோக்கித் தட்டுங்கள். துருப்பிடித்திருந்தால் முதலில் எண்ணெய் விட்டு 15 நிமிடம் பொறுங்கள். கீழ்க்கீலில் தொடங்கி மேல்கீலைக் கடைசியாக எடுங்கள். மேலதை முதலில் எடுத்தால் கதவு சாய்ந்து மற்ற ஆணிகள் இறுகிவிடும். கடைசி ஆணி வரும்போது இன்னொருவர் கதவைத் தாங்கியே ஆகவேண்டும். பிறகு கீல் பக்கத்தை வெளியே இழுத்தால் நாக்கும் கதவுநிலையிலிருந்து நழுவி வந்துவிடும். இரு முனையும் அடித்துத் தட்டையாக்கிய ஆணி என்றால் கழலாது.