பழைய வேகன்ஆரோடு ஐந்து வருடம்

2021-இல் கார் வாங்கும் பேச்சு வந்தபோது வீட்டில் இரண்டு கட்சி. அப்பாவுக்குப் பழைய வண்டி என்றாலே அடுத்தவன் தலைவலி. எனக்கு மாதத் தவணைதான் தலைவலி. புது வேகன்ஆர், 10 சதவீத ஆயுட்கால வரி, மூன்று வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ஆறரை லட்சத்தைத் தொட்டது. மதுரைக்குள் நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு இது ஆடம்பரம் என்று பழைய வண்டி தேட இறங்கினேன்.

முதலில் பார்த்தது சென்னை நம்பர், 2014 மாடல். பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. நான் அட்வான்ஸ் எடுக்கப் பையில் கைவிட்டாயிற்று. கூட வந்த மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். வெளியே தெரியும் பகுதி நல்ல கறுப்பு. உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் காய்ந்த சேறு கோடாகப் படிந்திருந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த இரும்பெல்லாம் துரு. "2015 வெள்ளத்துல குளிச்ச வண்டி தம்பி. வா, டீ குடிப்போம்" என்றார்.

அடுத்த வண்டியில் மீட்டர் 32,000 காட்டியது. டயரில் அச்சடித்திருக்கும் நான்கு எண்ணில் கடைசி இரண்டு, அது தயாரான வருடம். நான்கு டயருமே வண்டியைவிட நான்கு வயது இளசு. 32,000-க்குள் யார் நான்கையும் மாற்றுவார்கள்? கிளட்ச் பெடல் ரப்பர் வேறு வழுக்கையாகியிருந்தது. மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

மூன்றாவதுதான் என்னுடையது. 2016 வேகன்ஆர் விஎக்ஸ்ஐ, சிங்கிள் ஓனர், 41,000 கிலோமீட்டர், 3,40,000 ரூபாய். ஆர்சியில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. கடன் முடிந்துவிட்டது என்று தரகர் சத்தியம் செய்தார். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் என்ஓசியும், ஆர்சியிலிருந்து வங்கிப் பெயரை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. ஐம்பதாயிரத்தைப் பிடித்து வைத்திருந்தால் ஏழு நாளில் வந்திருக்கும். அப்புறம், பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, அவரோடு போய்விடும், நமக்குப் பூஜ்யத்திலிருந்துதான். அதையும் இன்சூரன்ஸ் கட்டும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் வருடம் டயர், பேட்டரி, கிளட்ச் என்று 38,000 போனது. அதற்குப் பிறகு வழக்கமான சர்வீஸ், ஒரு தடவை சஸ்பென்ஷன் வேலை, அவ்வளவுதான். இப்போது 78,000 ஓடியிருக்கிறது. ஊருக்குள் 14, நான்கு வழிச்சாலையில் 19 மைலேஜ். ஐந்து பேரோடு கொடைக்கானல் மலை ஏறும்போது மட்டும் ஏசியை அணைத்துவிடுவேன்.

பணக் கணக்கில் எனக்குக் குறையே இல்லை. குறை வேறு. இந்த வண்டியில் ஏர்பேக்கும் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. இரண்டும் 2019-இல்தான் கட்டாயமாயின. வாங்கும்போது அதை யோசிக்கவே இல்லை. இன்றைக்கு வாங்கினாலும் பழசுதான் வாங்குவேன். ஆனால் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டியாகப் பார்ப்பேன்.

போன மழைக்காலத்தில் கொடைக்கானலிலிருந்து திரும்பும்போது வாடிப்பட்டி பக்கம் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கியபடியே போய் ஓரத்தில் நின்றது. ஆடு தப்பித்துவிட்டது. பின் சீட்டில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.