டிஸ்மிஸ் ஆன கேஸுக்கு ‘நோ’ போடச் சொன்னவரை நம்பி

அமெரிக்காவில் சிட்டிசன்ஷிப் விண்ணப்பிக்கப் போகிறீர்களா? எப்போதோ ஒரு தடவை போலீஸ் கை வைத்த கதை உங்களுக்கு இருக்கிறதா? அது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும், கேஸ் தள்ளுபடியே ஆகியிருந்தாலும், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த அதே ஆளிடம் போகப் போவதாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் போன மாதம் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். 2017 ஏப்ரலில் எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்தது. 2019 நவம்பரில், மகள் பிறந்து ஆறு வாரம் இருக்கும், ஒரு பெரிய கடைக்குப் போனேன். தூக்கம் கெட்டுக் கண்ணெல்லாம் எரிந்த காலம். தள்ளுவண்டியின் மேல்தட்டில் இருந்ததையெல்லாம் நானே ஸ்கேன் செய்து 160 டாலர் சொச்சம் கட்டினேன். அடித்தட்டில் ஒரு டயப்பர் பெட்டி இருந்தது. அதை மறந்தே போனேன். வாசலில் நிறுத்தினார்கள். பில்லைக் காட்டினேன், இப்போதே காசு கொடுக்கிறேன் என்றேன், யாரும் கேட்கவில்லை. போலீஸ் வந்தது. கைவிலங்கு, ஸ்டேஷன், பத்து விரல் ரேகை, போட்டோ. இரண்டு மணி நேரத்தில் சம்மன் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டயப்பர் பெட்டி கடையிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன்.

இங்கே ஊருக்கு ஊர் முனிசிபல் கோர்ட் உண்டு. 200 டாலருக்குக் கீழே கடைத் திருட்டு என்றால் அங்கேதான் விசாரணை. அரசு வக்கீல் பில்லையும் கடையின் வீடியோவையும் பார்த்துவிட்டு கேஸைக் கைவிட்டார். நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, அபராதம் கட்டவும் இல்லை. ‘டிஸ்மிஸ்டு’ என்று நீதிபதி சொன்னதும் அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

2022 தொடக்கத்தில் சிட்டிசன்ஷிப்புக்கு நேரம் வந்தது. கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் முடிய 90 நாள் முன்னாலேயே விண்ணப்பம் போடலாம். கோயிலில் பழக்கமான ஒருவர், நம் ஊர்க்காரர், ஒரு ‘இமிக்ரேஷன் சர்வீஸ்’ நடத்துகிறார். வரி ஃபைல் செய்வார், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்தியர்களுக்கான அட்டை) எடுத்துக் கொடுப்பார், நோட்டரி முத்திரையும் வைத்திருக்கிறார். வக்கீல் இல்லை. எல்லோருக்கும் அவர் ‘அண்ணே’தான், எனக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து 600 டாலர் என்றார்.

என்-400 என்கிற சிட்டிசன்ஷிப் விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வி வந்தது: எந்தக் காரணத்துக்காகவாவது, எப்போதாவது, எந்தக் காவல் அதிகாரியாலும் கைது செய்யப்பட்டதோ, விதிமீறலுக்கு டிக்கெட் கொடுக்கப்பட்டதோ, பிடித்து வைக்கப்பட்டதோ உண்டா? டயப்பர் கதையைச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“டிஸ்மிஸ் ஆயிடுச்சுல்ல தம்பி?”

“ஆயிடுச்சுண்ணே.”

“அப்போ அது நடக்கவே இல்லைன்னு அர்த்தம். நோ போட்டுருங்க. எஸ் போட்டா ஃபைலைத் தூக்கி ஒரு வருஷம் ஓரமா வச்சிடுவான்.”

என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். “எதுக்கும் ஒரு வக்கீல்கிட்ட கேட்டுடலாமேங்க” என்றாள். அவர் சிரித்தார். வக்கீல் இதே படிவத்துக்கு இரண்டாயிரம் வாங்குவான் என்றார். நானும் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்புதான் என்னை உறுத்துகிறது.

எனக்கு இரண்டு ஸ்பீடிங் டிக்கெட் இருந்தன. ஒன்றை இங்கே எல்லோரும் செய்கிற மாதிரி ‘அன்சேஃப் டிரைவிங்’ என்று மாற்றி, லைசென்ஸில் விதிமீறல் பாயிண்ட் ஏறாமல் 400 டாலர் சொச்சம் கட்டி முடித்திருந்தேன். அதையும் விட்டுவிடச் சொன்னார். “அதெல்லாம் கேக்க மாட்டாங்க.”

இன்னொன்றையும் அப்போது நான் கவனிக்கவில்லை. விண்ணப்பத்தை வேறொருவர் தயாரித்துக் கொடுத்தால் அவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட அதில் தனிப் பகுதி இருக்கிறது. அதைக் காலியாக விட்டுவிட்டு, என் பெயரில் ஆன்லைன் கணக்குத் திறந்து, நானே நிரப்பியது போல அனுப்பிவிட்டார். எனக்கு ஒரு ரசீது கொடுத்தார். அதில் ‘டைப்பிங் சார்ஜ்’ என்றுதான் இருந்தது.

2023 மார்ச்சில் நேர்காணல். அதிகாரி ஒரு பெண்மணி, இனிமையாகத்தான் பேசினார். வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னார். குடிமைக் கேள்விகளில் முதல் ஆறையும் சரியாகச் சொன்னேன், அதோடு நிறுத்திவிட்டார். அப்புறம் விண்ணப்பத்தை வரிவரியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா?

நோ என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். மறுபடி, நிறுத்தி நிதானமாக, கேஸ் தள்ளுபடி ஆகியிருந்தாலும் சரி, பதிவு அழிக்கப்பட்டிருந்தாலும் சரி, போலீஸ் உங்கள் கைரேகையை எடுத்ததுண்டா என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. அப்போதுதான் எஸ் என்றேன். கதை முழுவதையும் சொன்னேன். அவர் டைப் செய்துகொண்டே இருந்தார். விண்ணப்பம் போட்டதும் நம்மைக் கூப்பிட்டு எடுக்கிற கைரேகை நேராக எஃப்.பி.ஐ.க்குப் போகிறது. 2019-ல் எடுத்த அதே பத்து விரலும் அங்கே முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. வெளியே வரும்போது, முடிவு இப்போது சொல்ல முடியாது என்ற கட்டத்தில் டிக் போட்ட தாளும், கோர்ட் ஆவணம் கேட்டு இன்னொரு தாளும் கொடுத்தார்கள். மனைவிக்கு அன்றைக்கே பாஸ்.

முனிசிபல் கோர்ட் ஜன்னலில் போய்க் கேட்டால், முத்திரை போட்ட தீர்ப்பு நகலைச் சில டாலருக்குக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரே பக்கம். ‘டிஸ்மிஸ்டு’ என்று ஒரு வார்த்தை. அனுப்பினேன். ஜூனில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் கைதைக் காரணமாகச் சொல்லவில்லை. சத்தியத்தின் கீழ் பொய் சாட்சியம் சொன்னதால் ‘நல்லொழுக்கம்’ நிரூபிக்கப்படவில்லை என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் வக்கீலிடம் போனேன், முதலிலேயே போயிருக்க வேண்டிய இடத்துக்கு. அந்த அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு, அந்த ஒற்றைப் பக்கத் தீர்ப்பு நகலைத் தூக்கிக் காட்டினார். “எஸ் போட்டு இதை இணைச்சிருந்தா பத்து நிமிஷ வேலை.” ஒரே ஒரு தள்ளுபடி ஆன சில்லறைக் கேஸுக்காக யாரையும் நிறுத்த மாட்டார்களாம். சட்டத்தில் பொய் சாட்சியமே நிராகரிக்கத் தனிக் காரணம். அந்தப் பொய் முக்கியமான விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குடியுரிமைச் சலுகையைப் பெறும் எண்ணத்தோடு சத்தியத்தின் கீழ் வாயால் சொல்லியிருந்தால் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-லேயே, குங்கிஸ் வழக்கில், சொல்லிவிட்டது. வாயால் என்பதைக் கவனியுங்கள். படிவத்தில் தப்பாக இருந்ததை நேர்காணல் மேஜையில், கேள்வி வரும் முன்னாலேயே “இதில் ஒரு திருத்தம் இருக்கிறது” என்று நானே சொல்லியிருந்தால் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்ததாம். அதிகாரி கிடுக்கிப்பிடி போட்ட பிறகு சொன்னது கணக்கில் வரவில்லை.

30 நாளுக்குள் என்-336 போட்டு மறுவிசாரணை கேட்டோம். அதற்கு அப்போது கட்டணம் 700 டாலர், வக்கீல் செலவு தனி. ஆலோசகர் தப்பாக வழிகாட்டினார் என்று வாதாடினோம். டிசம்பரில் அதுவும் தள்ளுபடி. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தத் தீர்ப்பின் மேல் பெரிய கோபம் இல்லை. கேள்வி எனக்குப் புரிந்தது. கைவிலங்கு போட்டது எனக்கு மறக்கவும் இல்லை. சத்தியம் செய்து சொன்ன அந்த ஒரு ‘நோ’வின் தேதியிலிருந்து ஐந்து வருடம் தள்ள வேண்டும். 2028 மார்ச்சுக்கு அப்புறம்தான் மறுபடி போட முடியும்.

டிக்கெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் கேட்பது அதைத்தான். கேள்வியில் ‘டிக்கெட் கொடுக்கப்பட்டதா’ என்பதும் சேர்ந்தே இருக்கிறது, அதனால் எழுதிவிடுங்கள். கைது இல்லாமல், தண்டனை 500 டாலருக்குக் குறைந்த அபராதமோ லைசென்ஸில் பாயிண்ட்டோ மட்டும் என்றால் அதற்கு ஆவணம் இணைக்க வேண்டாம் என்று படிவத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. மது, போதை சம்பந்தப்பட்டால் அந்த விலக்கு கிடையாது. நியூ ஜெர்சியில் குடித்துவிட்டு ஓட்டியது போக்குவரத்துக் குற்றம்தானே, கிரிமினல் இல்லையே என்று சிலர் அதையும் மறைக்கப் பார்க்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். என் இரண்டு டிக்கெட்டைப் பற்றி அதிகாரி கேட்டபோது சொன்னேன், கட்டியாச்சா என்றார், ஆச்சு என்றேன், அவ்வளவுதான். பழையதெல்லாம் ஞாபகம் இல்லையென்றால் மோட்டார் வாகன அலுவலகத்தில் 15 டாலருக்கு உங்கள் டிரைவர் அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஓட்டுநர் பதிவு, கிடைக்கும்.

அதே விளக்கக் குறிப்பில் இன்னொரு வரி இருக்கிறது. பதிவு சீல் வைக்கப்பட்டாலும், அழிக்கப்பட்டாலும், உங்கள் மேல் பதிவே இல்லை என்று நீதிபதியோ போலீஸோ வக்கீலோ சொல்லியிருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். காசு கட்டிப் பதிவை அழிக்க, அதாவது எக்ஸ்பஞ்ச் செய்யப் போகிறவர்கள் அதற்கு முன்னால் முத்திரையோடு இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கோர்ட்டில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு வருடம் ஒழுங்காக இருந்து, பிறகு கேஸ் தள்ளுபடி ஆனவர்கள் கட்டாயம் வக்கீலைப் பாருங்கள். கோர்ட் கணக்கில் அது தள்ளுபடி, குடியேற்றச் சட்டக் கணக்கில் அது தண்டனையாகவே நிற்கலாம்.

ஊரில் நடந்ததும் சேர்த்திதான். என் நண்பன் ஒருவன் 2009-ல் கல்லூரி மாணவனாக ஈழப் போரை நிறுத்தச் சொல்லி மறியல் செய்து, போலீஸ் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் அடைத்து, தயிர் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஒரு காகிதமும் கிடையாது. அவன் அதை அப்படியே அரைப் பக்கம் எழுதி இணைத்தான். அதிகாரி படித்துப் பார்த்து, மண்டபம் என்றால் என்ன என்று மட்டும் கேட்டாராம். அவனுக்குச் சிட்டிசன்ஷிப் கிடைத்துவிட்டது.

அண்ணனிடம் காசைத் திருப்பிக் கேட்டேன். “நான் டைப் பண்ணிக் கொடுத்தேன் தம்பி, கையெழுத்து நீங்கதானே போட்டீங்க” என்றார். பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். வக்கீல்களும், அமெரிக்க அரசின் நீதித் துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அங்கீகரித்த பிரதிநிதிகளும் தவிர வேறு யாரும் இந்த மாதிரி சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. நோட்டரி முத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்புகளில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பார்த்துக் கொடுக்கிறார்கள், பட்டியல் நீதித் துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. யாரிடம் போனாலும், தயாரித்தவர் பகுதியில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். போட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

2024 நவம்பரில் மனைவி ஓட்டுப் போடப் போனாள். நான் மகளோடு காரில் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் அண்ணனின் ‘இமிக்ரேஷன் சர்வீஸ்’ வழியாகப் போனபோது பார்த்தேன், பலகையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘சிட்டிசன்ஷிப் நேர்காணல் பயிற்சியும் உண்டு.’