காஃப் அசிஸ்ட் இ70: சளியை எடுக்கும், வீசிங்கை எடுக்காது

பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸின் இந்தக் கருவி இருமத் தெம்பில்லாதவருக்காக இருமுகிறது. மாஸ்க் வழியே காற்றைத் தள்ளி நெஞ்சை விரிய வைத்து, சட்டென்று திசை மாறி வெளியே இழுக்கும். அந்த இழுப்பில் சளி வாய்வரை வந்துவிடும். டூஷென், எஸ்எம்ஏ போன்ற தசை, நரம்பு நோய்கள் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவிதான். கூடவே ஆஸ்துமாவும் இருந்தால் கொஞ்சம் யோசித்துக் கையாள வேண்டும்.

தேவையா என்று பார்க்க, ஆஸ்துமாவுக்கு வாங்கிய பீக் ஃப்ளோ மீட்டரே (ஊதும் காற்றின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) போதும். அதில் ஊதாமல் இரும வேண்டும். உதட்டை இறுக்கி மூட முடியாதவர்களுக்கு மாஸ்க்கைப் பொருத்திக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே வந்தால் சாதாரண ஜலதோஷம்கூட ஆபத்தாகலாம். 160-க்கும் கீழே என்றால் சளியைத் தானாக வெளியேற்றுவது அநேகமாக நடக்காது.

அழுத்தம் இரு பக்கமும் 70 செ.மீ. நீர் வரை போகும். பலருக்கு 40-ஐ ஒட்டியே வேலை முடிந்துவிடும். முதல் நாளே அங்கே போகாமல் 15, 20 என்று பழக்குவது நல்லது; அளவை மருத்துவரோ தெரப்பிஸ்டோ வைத்துத் தரட்டும். உள்ளே 2 நொடி, வெளியே 2 நொடி, சின்ன இடைவெளி. இப்படி 5 முறை செய்தால் ஒரு சுற்று. பிறகு மாஸ்க்கை எடுத்து, வாய்க்கு வந்த சளியை சக்‌ஷனில் உறிஞ்சி, அரை நிமிடம் ஓய்வு. ஓய்வில்லாமல் ஓட்டினால் தலை சுற்றும். சாப்பிட்ட உடனே செய்தால் வாந்திதான், ஒன்றரை மணி நேரமாவது போகட்டும்.

நோயாளி மூச்சிழுப்பதை உணர்ந்து தானே தொடங்கும் ‘காஃப் ட்ராக்’ வசதி, ஓரளவு தெம்புள்ளவர்களுக்கு அருமை. ரொம்பத் தளர்ந்தவரின் மூச்சு அதற்குப் புலப்படாமல் போகலாம். அவர்களுக்கு நேரம் வைத்து ஓட்டுவதோ, மேனுவலோதான் சரி.

திரையையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நெஞ்சைப் பார்க்க வேண்டும். மூக்குத்தண்டின் ஓரம் ‘உஸ்’ஸென்று காற்று கசிந்தால் நெஞ்சு உயராது, சளியும் வராது. ஒரு கையால் தாடையை முன்னுக்குத் தூக்கி, மறு கையால் மாஸ்க்கை அழுத்துங்கள். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயில் தொண்டைத் தசை பாதித்தவர்களுக்கு, கசிவே இல்லாதபோதும் காற்று போகாமலிருக்கலாம்: வேகமாகத் தள்ளும்போது குரல்வளை மூடிக்கொள்ளும். அப்போது அழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் இறுகும். குறைத்து, மெதுவாகக் காற்றைக் கொடுக்க வேண்டும்.

இனி ஆஸ்துமா. வீசிங் இருந்தால் முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் இன்ஹேலர், 15 நிமிடம் கழித்துக் கருவி. மருந்தை இழுத்துப் பத்து நொடி மூச்சை அடக்கும் பலம் இவர்களுக்கு இருக்காது, ஆகவே ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) ஒரு பஃப், ஐந்தாறு சாதாரண மூச்சு, பிறகு அடுத்த பஃப். கடுமையான அட்டாக்கில் காற்று ஏற்கெனவே நெஞ்சுக்குள் சிக்கிக் கிடக்கும். அதன்மேல் இன்னும் தள்ளக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தசை தளர்ந்தவர் அட்டாக்கிலும் அமைதியாகவே தெரிவார்: விலா உள்வாங்கி இழுக்கவும் பலம் வேண்டுமே! மாறாக, சளி வெளியே வந்ததும் மறைகிற ‘வீசிங்’ பல நேரம் வீசிங்கே அல்ல, சளியின் சத்தம்.

ஆக்சிமீட்டர் 95-க்குக் கீழே காட்டினால் உடனே ஆக்சிஜனை மட்டும் திறந்துவிடுவதும் தப்பு. சளி அடைப்பும் மூச்சுத் தளர்ச்சியும் அப்படியே இருக்க, எண் மட்டும் ஏறும். கார்பன் டை ஆக்சைடு உள்ளே சேரும். முதலில் சளியை எடுத்து, பைபாப் (மாஸ்க் வழியே மூச்சுக்கு உதவும் கருவி) இருந்தால் போட்டு, மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அண்மையில் நுரையீரல் கிழிந்து காற்று கசிந்தவர்களுக்கும், நுரையீரலில் பெரிய காற்றுக் கொப்புளம் உள்ளவர்களுக்கும் இந்தக் கருவி வேண்டாம்.

குறைகளும் உண்டு. சத்தம் அதிகம். குழந்தைகள் மிரளும், முதலில் உள்ளங்கையில் காற்றைக் காட்டிவிட்டு முகத்துக்குக் கொண்டுபோகலாம். குழாயில் மாட்டும் பாக்டீரியா ஃபில்டர் நனைந்தால் இழுப்பு மந்தமாகும். பலர் கருவி பழுதென்று நினைப்பது அப்போதுதான். அதைக் கழுவிக் காயவைக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். குழாயையும் மாஸ்க்கையும் மிதமான சோப்பு நீரில் அலசி முழுக்க உலர்த்தினால் போதும்.

அளவுகளைச் சேமிக்க மூன்று ப்ரீசெட் உண்டு. ஒன்றை அன்றாடத்துக்கும், இன்னொன்றைச் சளிக்காய்ச்சல் நாட்களுக்கும் தெரப்பிஸ்டிடமே போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் பட்டனோடு போராட வேண்டியிருக்காது.