முட்டை வண்டியும் முன்பாரமும்: ரெண்டு பேருக்கான குட்டி ட்ரெய்லரோடு நாலு வருஷம்

குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் முதல் வருஷம் முழுக்க ஒரே கேள்விதான். “இதுக்குள்ள என்னங்க வெச்சிருக்கீங்க?” பின்கதவைத் தூக்கிக் காட்டுவேன். அடுப்பு, நாலு ஏனம், மிளகாய்ப் பொடி டப்பா. உள்ளே ஒரு மெத்தை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ட்ரெய்லர், அவ்வளவுதான் வண்டி. இப்போது அங்கே இருப்பவர்களுக்குப் பழகிவிட்டது, கை காட்டி அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் முட்டை வண்டி.

கோத்தகிரிப் பக்கம் அரவேணுவில் இருக்கிறோம். இவர், என் வீட்டுக்காரர், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு 58, இவருக்கு 63. 2021 ஆவணியில் கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்து எடுத்தோம். இதுவரை 14,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கிறது. ராமேஸ்வரம் வரை போயிருக்கிறோம், ஒகேனக்கல் போயிருக்கிறோம், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி தாளவாடி போய் வந்திருக்கிறோம். வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது படுக்கை எவ்வளவு அகலம் என்று. எடை எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. சமவெளிக்காரர்களுக்கு அது பரவாயில்லை. மலைக்காரர்களுக்கு ஒவ்வொரு பயணமும் இறக்கத்தில் தொடங்கி, களைத்துத் திரும்பும்போது ஏற்றத்தில் முடிகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயர வேண்டும்.

பட்டறையில் எங்களுக்கு முதலில் காட்டியது 14 அடி நீள வண்டி. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், சிங்க் இருக்கிறது, மூலையில் சின்னதாகக் கழிப்பறை கூட. இவர் உள்ளே உட்கார்ந்து ஒரு டீயும் குடித்துவிட்டார், முகமே மாறிப்போச்சு. காலி எடை 900 கிலோ. தண்ணி, சாமான் எல்லாம் சேர்த்தா எவ்வளவுங்க என்று கேட்டேன். “ஒரு டன்னுக்கு மேல வருங்கக்கா, உங்க ஜீப்பு அசால்ட்டா இழுத்துரும்” என்றார் பட்டறைக்காரர். இழுக்கும், அதில் சந்தேகமில்லை. இறக்கத்தில் எது எதை இழுக்கும் என்பதுதான் என் கேள்வி. அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று மகன் சொல்லியிருந்தான். அந்த 900 கிலோ வண்டியில் பிரேக்கே கிடையாது.

ஜீப் கூரைமேல் விரிக்கும் கூடாரமும் யோசித்தோம். எடை 60 கிலோ, விலையும் குறைவு. ஆனால் நடுராத்திரி எழுந்து ஏணியில் இறங்க இவர் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைசியில் செய்தது, அமெரிக்காவில் 1930களிலிருந்தே வீட்டுக் கொட்டகையில் ஆட்கள் தாங்களே செய்துகொண்ட மாதிரி வடிவம். முன்னால் உருண்டு, பின்னால் சரிந்து, கண்ணீர்த்துளி போல. உள்ளே படுக்கை மட்டும்: ஆறேகால் அடி நீளம், நாலே முக்கால் அடி அகலம். உட்காரலாம், நிற்க முடியாது. சமையல் பின்பக்கம், வெளியே நின்றபடி. வெளிச்சுவர் அலுமினியத் தகடு, நடுவில் ஃபோம், உள்ளே பிளைவுட். ஒற்றை ஆக்சில், சின்ன காருக்குப் போடும் டயர், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். காலியாக 430 கிலோ, எல்லாம் ஏற்றி 560. அப்போது 3 லட்சத்து 40 ஆயிரம் ஆனது. மட்கார்டோடு சேர்த்தும் ஜீப்பைவிட அகலம் கிடையாது. இது நான் பிடிவாதம் பிடித்த விஷயம். ஜீப் நுழைகிற இடத்தில் இது நுழையும், கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியும் தெரியும். படுக்கை இன்னும் அரையடி அகலமாக இருந்திருக்கலாம் என்று இவர் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்.

முதல் பயணத்திலேயே பாடம் கிடைத்தது. சமையல் பின்னால்தானே என்று 60 லிட்டர் தண்ணித் தொட்டியையும் பின்கோடியிலேயே வைத்துவிட்டார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. காரமடை தாண்டி 70 வேகத்தில் போகும்போது பின்னால் வால் ஆடுவது போல ஓர் ஆட்டம். ஒரு லாரி கடந்து போன காற்றில் அது பெரிதாகி ஜீப்பையே இடம் வலம் உலுக்கியது. இவர் பதறி பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டது எங்கள் நல்ல காலம். மிதித்திருந்தால் ட்ரெய்லர் பக்கவாட்டில் வந்து மடிந்திருக்கும்.

ஓரம் கட்டி நின்றபோது எனக்கு அப்பா ஞாபகம்தான். காரமடையில் மாட்டுவண்டி வைத்திருந்தவர், வாழைத்தார் ஏற்றுவார். தார் அடுக்கும்போது மேக்காலை, அதாவது நுகத்தடியை, கையால் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். “முன்பாரம் கொஞ்சம் இருக்கோணும் கண்ணு. சாஸ்தியாப் போச்சுன்னா மாட்டுக் கழுத்து புண்ணாயிரும். பின்பாரம் போச்சுன்னா மாடே தொங்கீரும்.” ட்ரெய்லருக்கும் சட்டம் இதுவேதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு ஜீப்பின் கொக்கியில் உட்கார வேண்டும், கொஞ்சம் கூடினாலும் குற்றமில்லை, குறையக் கூடாது. வீட்டில் எடை பார்க்கும் மிஷினைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு கட்டை, கட்டைமேல் ட்ரெய்லரின் மூக்கு. முதல் நாள் காட்டியது 22 கிலோ! தொட்டியைக் கழற்றி 30 லிட்டராகக் குறைத்து ஆக்சிலுக்கு முன்னால் மாற்றினோம். பேட்டரியையும் முன்னால் நகர்த்தினோம். இப்போது 58. வால் ஆட்டம் அன்றோடு சரி. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அந்த மிஷின் வெளியே வரும். பக்கத்து வீட்டு அக்கா நான் இளைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுடையதில் முட்டுப் பிரேக் வைத்தோம். ஜீப் வேகம் குறைந்ததும் ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டும், அந்த முட்டலே கம்பியை இழுத்து டிரம் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். கரண்ட் வேண்டாம், எந்த மெக்கானிக்கும் புரிந்துகொள்வார். தட்டையான ரோட்டில் அருமை. காட் ரோட்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பார்கள், நாங்களும் இரண்டாவது கியரில்தான் இறங்குகிறோம். அப்படி ஜீப் தன்னைப் பிடித்துக்கொண்டே போகும்போது ட்ரெய்லர் வழி நெடுக அதன் முதுகில் சாய்ந்துகொண்டே வருகிறது. அதாவது அதன் பிரேக் ஒரு நொடியும் முழுசாக விடுவதில்லை. டிரம் சுட்டுப்போகும். முதல் வருஷம் பாதி இறக்கத்தில் கருகல் வாசனை வந்ததும் இவர் தண்ணி ஊற்றப் போனார், தடுத்துவிட்டேன். கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணி பட்டால் விரிசல் விடும். இப்போதெல்லாம் நடுவில் இருபது நிமிஷம் நிறுத்தி, சக்கரத்தின் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பார்த்து, சூடு தணிந்த பிறகுதான் கிளம்புகிறோம். பிரேக் ஷூ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. மறுபடி செய்தால் ஜீப்பிலிருந்து நாமே கூட்டிக் குறைக்கிற எலெக்ட்ரிக் பிரேக்தான் வைப்பேன்.

இதைவிடப் பெரிய கூத்து கொடநாட்டுப் பக்கம் நடந்தது. குறுகலான ரோட்டில் நாங்கள் இறங்குகிறோம், எதிரே பஸ் ஏறி வருகிறது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. பின்னால் எடுக்க வேண்டும், அதுவும் மேட்டில். ஜீப் பின்னால் தள்ள, ட்ரெய்லர் அதையும் முட்டல் என்று எடுத்துக்கொண்டு பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தள்ளத் தள்ள இறுகுகிறது. இவர் இறங்கி ஒரு கொக்கியை மாட்டினால்தான் அது விடும். பின்னால் எடுப்பது எப்போதும் என் வேலை, இவருக்கு வராது. ட்ரெய்லர் குட்டையாக இருந்தால் சுலபம் என்று நினைக்காதீர்கள், நீளமானதைவிடக் குட்டைதான் சட்டென்று மடியும். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாக ஆளுக்கொரு பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார்கள். அம்பது அடி போக பத்து நிமிஷம் ஆச்சு.

430 கிலோ என்றால் சமதரையில் கழற்றி ரெண்டு பேர் தள்ளித் திருப்பிவிடலாம். சமதரையில் என்பதைக் கவனியுங்கள். தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் லேசான சரிவில் கழற்றினோம். அண்டை கொடுத்த கல் ஈர மண்ணில் நழுவிவிட்டது. முட்டை வண்டி தானே கிளம்பி நாலு தேயிலைச் செடிகளின் மேல் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, செடிகள் தடுத்தன. அந்தப் பக்கம் பள்ளம். அன்றிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் மரக் கட்டை, அதற்குப் பிறகுதான் கொக்கியைத் தொடுவது.

ஐப்பசி கார்த்திகையில் வேறு தொல்லை. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும், எங்கள் கிழக்குச் சரிவு வடகிழக்குப் பருவமழையில். வாரக்கணக்கில் மஞ்சு இறங்கிக் கிடக்கும். ரெண்டு பேர் ஒரு ராத்திரி மூச்சுவிட்டாலே டம்ளர் கணக்கில் தண்ணி சேரும், அது சுவரில் முத்து முத்தாய் நிற்கும். முதல் வருஷம் மெத்தையைத் தூக்கினால் அடியில் பச்சையும் கருப்புமாகப் பூஞ்சை. மெத்தைக்கு அடியில் பிளைவுட்டை எடுத்துவிட்டு இடைவெளி விட்டு ரீப்பர் அடித்தோம், மேல் ஜன்னலை எந்தக் குளிரிலும் ரெண்டு விரல் திறந்தே வைக்கிறோம். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு, கரியடுப்பை வேறு உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எங்களுக்கு இரண்டு கம்பளியும் சுடுதண்ணிப் பையும் போதும்.

சோலார் பற்றிக் கேட்பார்கள். கூரையில் 160 வாட் தகடு, 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. கீழ்நாட்டில் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடும். மேலே மஞ்சு நாட்களில் தகடு சும்மா அழகுக்கு. உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் இந்த வகை பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது, அதனால் படுக்கைக்கு அடியில், உள்ளேயே வைத்திருக்கிறோம். கேஸ் 5 கிலோ சிலிண்டர். விடிகாலைக் குளிரில் தீ சோகையாக எரியும். பருப்புக்குக் குக்கர் இல்லாமல் இந்த உயரத்தில் கதை நடக்காது, அது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கரடியைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கோத்தகிரியில் கோயில் விளக்கெண்ணெயைக் கரடி குடித்துவிட்டுப் போவது ஊரறிந்த கதை. ஒரு ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த ட்ரெய்லரின் பின்கதவில் எண்ணெய்ப் பாட்டில் ஒன்றை மறந்துவிட்டேன். காலையில் கதவின் விளிம்பு நெளிந்து, அலுமினியத்தில் நாலு நீளக் கீறல். உள்ளே படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு சாப்பாட்டுச் சாமான் ஒன்றுகூட ராத்திரி அதில் இருப்பதில்லை. கீறலைத் தட்டி எடுக்க வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டுமாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ட்ரெய்லரோடு ஊட்டிக்கு வந்து காட்டோரம் தங்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். வனத்துறை ரோட்டோரம் தங்க விடாது, விடவும் கூடாது. முதுமலை, பந்திப்பூர் வழி ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி ரோட்டின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகள் கீழே இறங்க அனுமதியில்லை. 2024 மே 7 முதல் மேலே வர இ-பாஸ் வேண்டும். எங்களைப் போன்ற உள்ளூர்ப் பதிவு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. உண்மையைச் சொன்னால், மலையில் நாங்கள் தங்கியதெல்லாம் தெரிந்தவர்களின் வாசலிலும் தோட்டத்திலும்தான். அவர்கள் வீட்டுக் குளியலறை, எங்கள் படுக்கை. ட்ரெய்லரில் கழிப்பறை இல்லையே என்று நான் வருந்திய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

போன மாதம் இவர் புதிதாக ஒரு பக்கப் பந்தல் வாங்கி வந்தார், ட்ரெய்லர் கூரையோரம் திருகி மாட்டி மழைக்கு விரித்துக்கொள்வது. நல்ல பொருள்தான். மிஷினில் வைத்துப் பார்த்தேன், 18 கிலோ. இப்போது வராந்தாவில் கட்டி துணி காயப்போடுகிறோம்.